கோங்க்: மலைமடியில் ஒரு பழைய பிரெஞ்சுக் கிராமம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோங்க் எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்வது?

பிரான்சின் தென்பகுதியில், அவேரோன் மாவட்டத்தில், ரொதேஸ் நகரிலிருந்து வடமேற்கே 38 கிலோமீட்டரில் இருக்கிறது. ஊஷ் என்ற ஓடை தூர்தூ ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே, செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். பள்ளத்தாக்கு சிப்பியைப் போலக் குடைந்திருப்பதால், சிப்பியைக் குறிக்கும் 'கொங்கா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். நாம் சொல்லும் 'சங்கு' அந்தச் சொல்லுக்குத் தூரத்து உறவு. பிரெஞ்சில் எழுதும்போது கடைசியில் ஓர் 'எஸ்' வரும், வாயில் வராது.

பெயரால் வரும் இரண்டு குழப்பங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, கார்காசோன் பக்கத்தில் 'கோங்க் சூர் ஒர்பியெல்' என்று வேறோர் ஊர் உண்டு. வழிகாட்டிக் கருவியில் முதலில் வருவதைத் தட்டிவிட்டால் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் நிற்பீர்கள். இரண்டு, 2016இல் கோங்க், கிரான் வாப்ர், நோயாக், சேன் சிப்ரியேன் ஆகிய நான்கு ஊராட்சிகளை இணைத்து 'கோங்க் ஆன் ரூவெர்க்' என்று ஒரே ஊராட்சியாக்கினார்கள். அதனால் 'கோங்கில் அறை' என்று காட்டப்படுவது சில கிலோமீட்டர் தள்ளி வேறு கிராமத்தில் இருக்கலாம். கார் இல்லாதவர்கள் பணம் கட்டுமுன் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

சில நூறு பேர் வாழும் ஊரில் இவ்வளவு பெரிய தேவாலயம் எப்படி வந்தது?

திருட்டால் வந்தது. ஊர்க்காரர்களும் இதை மறைப்பதில்லை.

அஜென் நகரில் 303 வாக்கில் வேதசாட்சியாக இறந்ததாகச் சொல்லப்படும் பன்னிரண்டு வயதுச் சிறுமி சேன்ட் ஃபுவா. 'ஃபுவா' என்றால் விசுவாசம். அவளுடைய எலும்புகள் அஜெனில் போற்றப்பட்டுவந்தன. கோங்க் மடத்துக்கோ பெயர் சொல்ல ஒரு புனிதர் இல்லை. புனிதர் இல்லாத மடத்துக்கு யாத்திரிகர் இல்லை, காணிக்கையும் இல்லை. மடத்துத் துறவி ஒருவர் அஜெனுக்குப் போய், அங்குள்ள குருக்களோடு பல ஆண்டுகள் பழகி, கல்லறைக்குக் காவல் இருக்கும் அளவுக்கு நம்பிக்கை பெற்று, 866 வாக்கில் ஒரு நாள் எலும்புகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது மடத்து வரலாறு. அந்தக் காலத்தில் இதைத் திருட்டு என்று சொல்லவில்லை, 'இடமாற்றம்' என்றார்கள். புனிதைக்கு விருப்பமில்லை என்றால் எலும்பு நகர்ந்திருக்குமா என்பது வாதம்.

பிறகு அற்புதக் கதைகள் பரவின. கண் பிடுங்கப்பட்ட கிபேர் என்பவனுக்குப் பார்வை திரும்பியது, சங்கிலியில் கிடந்த கைதிகள் விடுதலையானார்கள் என்ற கதைகளைக் கேட்டு மக்கள் குவிந்தார்கள். லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு, அதாவது நம் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று அழைக்கும் புனிதரின் கல்லறைக்குப் போகும் பாதையில் கோங்க் முக்கியமான தங்கலானது. 11ஆம் நூற்றாண்டில், ஒதோல்ரிக் என்ற மடாதிபதி காலத்தில் இப்போதைய கோவிலைக் கட்டத் தொடங்கினார்கள்.

கூட்டம் பெரிது, இடம் சிறிது. உள்ளே போனதும் இது தெரியும். நடுக்கூடம் 22 மீட்டர் உயரம். நீளமோ மொத்தம் 56 மீட்டர்தான். சரிவில் அதற்கு மேல் நீட்ட முடியவில்லை. பூசை நடக்கும்போதே யாத்திரிகர்கள் பீடத்தைச் சுற்றி வந்து அருளிக்கங்களை, அதாவது புனிதையின் எலும்புகளை, வணங்கிவிட்டுப் போக, பின்பக்கம் சுற்றுப்பாதை வைத்திருக்கிறார்கள். பிராகாரம் சுற்றிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அரை நாள் போதுமா?

பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளப் போதும். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிட நடை. ஆனால் எங்கள் யோசனை ஒன்றே ஒன்று: ஓர் இரவு தங்குங்கள். காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை பேருந்துக் கூட்டம். வாசல் சிற்பத்துக்கு நல்ல வெளிச்சம் வருவது அதற்குப் பிறகு. இரவு எட்டரை வாக்கில் துறவிகளின் இராச் செபம். கோடை மாதங்களில் அது முடிந்ததும் வாசலில் சிற்ப விளக்கம், மேல்மாடத்தில் ஏறிப் பார்க்கும் வாய்ப்பு, இருட்டிய பின் சிற்பத்தின் மேல் பழைய வண்ணங்களை ஒளியால் வரைந்து காட்டும் நிகழ்ச்சி. இவை எல்லாமே பகல் பயணிகள் மலையிறங்கிய பிறகு நடப்பவை.

எப்படிப் போய்ச் சேர்வது?

பாரிஸிலிருந்து காரில் சுமார் 600 கிலோமீட்டர். சாப்பாட்டு நேரம் சேர்த்து ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். துலூஸிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ரொதேஸிலிருந்து தூர்தூ ஆற்றோரமாக வரும் டி901 சாலை வளைவு வளைவாக இருக்கும். 38 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

ரயிலில் வருபவர்களுக்குப் பாரிஸ் ஒஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரொதேஸுக்கு இரவு ரயில் வசதியானது. காலையில் இறங்கலாம். தண்டவாளப் பணி இருந்தால் வாரக்கணக்கில் ஓடாது. ஆகவே முதலில் ரயில், பிறகு அறை என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள்.

சிக்கல் கடைசி 38 கிலோமீட்டரில்தான். ரொதேஸ்–கோங்க் பேருந்துகள் மிகக் குறைவு; ஞாயிறு, விடுமுறை நாள்களுக்கு அட்டவணை மாறும். நிலையத்துக்கு வெளியே வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும் என்று எண்ணி வர வேண்டாம், முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். ரொதேஸ் பாதையில் உள்ள சேன் கிறிஸ்தோஃப் என்ற சிறு நிலையம் கோங்குக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. வரைபடத்தில் அதைப் பார்த்து ஆசைப்பட்டு இறங்குபவர்கள் உண்டு. முன்பதிவு செய்த வண்டி இல்லாவிட்டால் அங்கே இறங்குவதில் பயனில்லை.

காரை எங்கே விடுவது?

ஊருக்கு வெளியே உள்ள கட்டண நிறுத்தங்களில். பயணிகளின் கார் ஊருக்குள் போகக் கூடாது. தங்குபவர்கள் பெட்டியை இறக்கிவிட்டு வர அனுமதி உண்டா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளலாம். சக்கரம் வைத்த பெட்டி இங்கே உதவாது. உருளைக்கல் பாவிய சரிவில் இழுத்தால் சக்கரம்தான் கழன்றுபோகும். இரவுக்கு வேண்டியதை முதுகுப் பையில் எடுத்துக்கொண்டு பெட்டியைக் காரிலேயே விடுங்கள்.

வாசலுக்கு மேலே உள்ள சிற்பத்தில் என்ன பார்க்க வேண்டும்?

மேற்கு வாசலுக்கு மேல், அரைவட்டத்துக்குள் பொதுத் தீர்வைக் காட்சி, அதாவது உலக முடிவில் கிறிஸ்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லும் காட்சி. ஏறக்குறைய 6.7 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம், 124 உருவங்கள். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதி வேலை. நீலமும் சிவப்புமாகப் பழைய வண்ணம் இன்னும் மடிப்புகளில் ஒட்டியிருக்கிறது. மேற்கு பார்த்த முகப்பு என்பதால் காலையில் நிழலில் கிடக்கும். பிற்பகல் சாய்ந்த வெயில் விழுந்தால் ஒவ்வொரு முகமும் எழுந்து வரும். சின்ன தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள்.

பார்ப்பதற்கு முறை இது: நடுவில் கிறிஸ்து, வலக்கை மேலே, இடக்கை கீழே. அவருடைய வலப்புறம், அதாவது நமக்கு இடப்புறம், மோட்சம். மறுபுறம் நரகம். இடப்பக்க ஊர்வலத்தில் மாதா, சாவியோடு இராயப்பர் (பேதுரு), பின்னால் ஒரு மடாதிபதி கையைப் பிடித்து அழைத்து வரும் மன்னர். அந்த மன்னர் மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பேரரசர் சார்லமேன் என்பார்கள். மன்னர் கூச்சத்தோடு நடக்கிறார். மடத்துக்குக் கொடுத்த காணிக்கைதான் அவரை உள்ளே சேர்க்கிறது என்பதைக் கல்லில் இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

அதற்குக் கீழே, வளைவுகளுக்கு அடியில், ஒரு சிறுமி மண்டியிட்டுக் குனிந்திருக்கிறாள். மேகத்திலிருந்து இறைவனின் கை அவளை நோக்கி நீள்கிறது. அவள்தான் சேன்ட் ஃபுவா. அவளுக்குப் பின்னால் வளைவிலிருந்து தொங்குபவை விடுதலையான கைதிகள் காணிக்கையாக விட்டுப்போன விலங்குகள். பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் நேரே நரகத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நரகம் சுவாரசியம்தான், மறுக்கவில்லை. முடிசூடிய சாத்தான் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். அகங்காரத்துக்காகக் குதிரையிலிருந்து தலைகீழாகத் தள்ளப்படும் வீரன். கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்கும் கஞ்சன். நாக்கு பிடுங்கப்படும் கோள்சொல்லி. கள்ளக் காசு அடித்தவன். முயல் ஒன்று வேட்டைக்காரனைச் சுட்டுத் தின்னும் காட்சியும் உண்டு. மேல் வரிசையில் வலையில் சிக்கிய துறவிகளைத் தேடுங்கள். மேய்ப்பர் கோலோடு ஒருவர் இருக்கிறார். சொந்தச் சபையாரையே நரகத்தில் போடும் துணிச்சல் இந்தச் சிற்பிக்கு இருந்திருக்கிறது.

கிறிஸ்துவின் காலடிக்குக் கீழே, ஆன்மாவை எடைபோடும் தராசு. ஒருபுறம் வானதூதர், மறுபுறம் பேய், இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி. பேயின் விரலைப் பாருங்கள்: தன் பக்கத் தட்டைக் கள்ளத்தனமாக அழுத்துகிறது. சந்தைக்குப் போய்வந்தவன் செதுக்கிய விரல் அது. கடைசியாக, அரைவட்டத்தைச் சுற்றியுள்ள வளைவு விளிம்பைப் பாருங்கள். துணி மடிப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் 14 சின்னத் தலைகள் இருக்கும், விளிம்பை விரல்களால் பிடித்தபடி. ஊரில் இவர்களுக்கு 'வேடிக்கை பார்ப்பவர்கள்' என்றே பெயர்.

வரிசைகளுக்கு நடுவே ஓடும் லத்தீன் வரிகளில் கடைசியானது பாவிகளை நோக்கியது: நடத்தையை மாற்றிக்கொள்ளாவிட்டால் கடுந்தீர்ப்பு காத்திருக்கிறது என்கிறது. படிக்கத் தெரியாத யாத்திரிகனுக்குப் படம், தெரிந்த துறவிக்கு எழுத்து.

உள்ளே சன்னல்களில் படங்கள் இல்லையே, பழுதாகிவிட்டதா?

இல்லை. அவை பியேர் சூலாஜ் வடிவமைத்தவை. கறுப்பு வண்ண ஓவியங்களுக்காக உலகம் அறிந்த ஓவியர். 1919இல் ரொதேஸில் பிறந்து 2022இல் மறைந்தவர். சிறுவயதில் இந்தக் கோவிலைப் பார்த்தபோதுதான் கலையே வாழ்க்கை என்று முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1987 முதல் 1994 வரை, துலூஸின் கண்ணாடிக் கலைஞர் ழான் தொமினிக் ஃப்ளூரியுடன் சேர்ந்து 104 திறப்புகளுக்கும் கண்ணாடி செய்தார்: 95 சன்னல்கள், 9 குறுந்துளைகள்.

வண்ணமில்லாத கண்ணாடி. ஆனால் வெளியே உள்ளது தெரியாது, வெளிச்சம் மட்டுமே வரும். கடையில் கிடைக்கும் மங்கல் கண்ணாடி எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. நூற்றுக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு, உடைத்த கண்ணாடித் துகள்களைப் பருமன் வாரியாகப் பரப்பி உருக்கி ஒட்டவைக்கும் வழியைப் பிடித்தார். பொடி எங்கே நுண்மையாக இருக்கிறதோ அங்கே வெளிச்சம் தடைபடும், எங்கே பருமனாக இருக்கிறதோ அங்கே அதிகம் நுழையும். ஒரே பலகைக்குள் இந்த ஏற்றத்தாழ்வு இருப்பதால், வானம் மாறமாறச் சன்னலும் மாறுகிறது: வெயில் படாத பக்கம் நீலச்சாயல், வெயில் படும் பக்கம் வெதுவெதுப்பான மஞ்சள். சாய்ந்து வளைந்து ஓடும் ஈயக் கோடுகள் மட்டுமே 'வரைபடம்'.

பிடிக்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். காலை ஒன்பதுக்கு ஒரு தூணருகில் நின்று பாருங்கள். மாலை ஆறுக்கு அதே இடத்தில் மறுபடி நில்லுங்கள். ஒரே முறை, அதுவும் மேகமூட்டமான நண்பகலில் பார்த்தால் வெள்ளைச் சன்னல்தான் தெரியும்.

சுமார் 250 தூண்தலைச் சிற்பங்களில் பாதிக்கு மேல் தரையிலிருந்து சரியாகத் தெரியாது. மேல்மாடத்துக்கு ஏறும் இரவுப் பார்வை கிடைத்தால் விடாதீர்கள். மாடம் அழகுக்காக மட்டும் கட்டப்பட்டதல்ல. நடுக்கூடத்தின் நீள்வளைவுக் கூரை இருபுறச் சுவர்களையும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை மாடத்தின் கால்வட்டக் கூரை தாங்கி நிற்கிறது.

கருவூலத்துக்குத் தனிக் கட்டணமா? பார்க்கத்தான் வேண்டுமா?

கோவில் இலவசம், கருவூலத்துக்குக் கட்டணம். கட்டாயம் பாருங்கள்.

முக்கியமானது சேன்ட் ஃபுவாவின் இருக்கைச் சிலை. 85 செ.மீ. உயரம், யூ மரத்தில் செதுக்கிய உடலின் மேல் பொன்தகடு, மேலெங்கும் பக்தர்கள் கொடுத்த மணிகள், செதுக்குக் கற்கள். முதலில் முகத்தைக் கவனியுங்கள். உடலுக்கும் முகத்துக்கும் பொருத்தமில்லை: பெரிய தலை, சற்றே மேலே பார்க்கும் கண்ணாடிக் கண்கள், சிறுமியின் சாயலே இல்லை. காரணம், அது பிற்கால உரோமப் பேரரசுக் காலத்துப் பொன்முகம்; யாரோ ஒருவருடைய முகத்தைப் பிற்காலத்தில் இந்த உடலில் பொருத்தியிருக்கிறார்கள்.

1013 வாக்கில் வடக்கே ஆன்ஜே நகர்ப் பள்ளி ஆசிரியர் பெர்னார் வந்தார். பொற்சிலைக்கு முன் மக்கள் விழுந்து கும்பிடுவதைப் பார்த்து, இது பழைய உரோமத் தெய்வ வழிபாடு அல்லவா என்று முகம் சுளித்தார். சில நாள் தங்கி, கதைகளைக் கேட்டு, மனம் மாறி, கடைசியில் அற்புதங்களைத் தொகுத்து நூலே எழுதிவிட்டார். உற்சவர் புறப்பாடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவருடைய முதல் திகைப்பு விளங்கச் சற்று நேரம் பிடிக்கும்.

முக்கோண வடிவில் 'சார்லமேனின் ஏ' என்று ஒரு பொருள் இருக்கும். பேரரசர் தம் மடங்களுக்கு ஆளுக்கோர் எழுத்தாகக் கொடுத்தபோது முதலெழுத்து கோங்குக்குக் கிடைத்தது என்பது மடத்துக் கதை. இப்போதுள்ள வடிவம் பெகோன் மடாதிபதியின் காலம், அதாவது 1100ஐ ஒட்டியது. சார்லமேன் இறந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்து.

பிரெஞ்சுப் புரட்சியில் நாடெங்கும் கோவில் பொன்னை உருக்கினார்கள். இங்கே ஊர்மக்கள் வீடுகளிலும் கஷ்கொட்டை உலர்த்தும் குடில்களிலும் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு பொருள்களைத் திருப்பியும் கொடுத்தார்கள். கட்டடத்துக்கு உயிர் கொடுத்தது 1837இல் வந்து பார்த்த வரலாற்றுச் சின்னங்களின் மேலாய்வாளர் ப்ரோஸ்பேர் மெரிமே. அப்போது கோவில் இடியும் நிலையில் இருந்தது. முகப்பின் இரண்டு கோபுரங்களும் 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் வந்தவை.

வீடுகளின் கூரை மீன் செதிள்போல் இருக்கிறதே?

அது 'லோஸ்' எனப்படும் அடுக்குப்பாறைத் தகடு. உள்ளூர்ப் பாறை தகடு தகடாகப் பிளக்கும். கீழ் விளிம்பை வளைவாகக் கொத்தி, கூரையின் அடியில் பெரியதும் உச்சிக்குப் போகப்போகச் சிறியதுமாக, மழைநீர் இடுக்கில் இறங்காதபடி ஒன்றின்மேல் ஒன்றாக வேய்வார்கள். எடை மிக அதிகம். ஆகவே கீழே தடித்த ஓக் உத்திரம் வேண்டும், சரிவும் செங்குத்தாக வேண்டும். பராமரிப்பில் கெடுவது பெரும்பாலும் கல் அல்ல. ஆணியோ பலகையோதான் முதலில் போகும். ஒரு தகடு நழுவினால் அதற்கு மேலுள்ளவை தொடர்ந்து இறங்கும்.

சுவர்களை இப்படிப் படிக்கலாம்: சாம்பல் நிறம் இந்த அடுக்குப்பாறை, செந்நிறம் பக்கத்துப் பள்ளத்தாக்கின் மணற்கல், கோவிலில் காணும் மஞ்சள் நிறம் சுண்ணக்கல். மடத்து முற்றத்தில் உள்ள பெரிய நீர்த்தொட்டியின் கரும்பச்சைக் கல் வேறு, அது செர்பென்டைன்.

லெ புய் நகரிலிருந்து நடந்து வர எத்தனை நாள்? பயிற்சி வேண்டுமா?

சுமார் 200 கிலோமீட்டர். பத்து நாள் கணக்கு. ஜிஆர்65 என்ற பாதை, வெள்ளை–சிவப்புக் கோடுகள் வழிகாட்டும். அதே நிறங்களில் பெருக்கல் குறி கண்டால் தவறான வழி, திரும்புங்கள். கோடுகள் கால் மணி நேரமாகக் கண்ணில் படாவிட்டாலும் திரும்புங்கள். 'எப்படியும் முன்னால் வரும்' என்று நடப்பவர்கள்தான் கூடுதலாக ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார்கள்.

கடைசிக் கட்டம் கொலிஞாக்கிலிருந்து எஸ்பேராக், செனெர்க் வழியாகச் சுமார் 21 கிலோமீட்டர். பெரும்பகுதி எளிது. ஆனால் ஊரை நெருங்கும் இறுதி இரண்டு மூன்று கிலோமீட்டர் கடும் இறக்கம். காலடியில் தகட்டுப்பாறை, மழை பெய்தால் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். பத்து நாள் களைப்பு, வந்துவிட்டோம் என்ற அவசரம், முழங்கால் வலி மூன்றும் சேர்ந்து அங்கேதான் பலரைக் கீழே தள்ளுகின்றன. ஊன்றுகோலை நீளமாக்கிக்கொண்டு, சின்ன அடியாக வைத்து இறங்குங்கள்.

மறுநாள் புறப்பாடு அதைவிடக் கடினம். சார்லமேன் தெரு வழியாக இறங்கி, யாத்திரிகர் பாலத்தில் தூர்தூவைக் கடந்ததும் சுமார் 300 மீட்டர் ஏற்றம், நெடுக்காக. பாதி வழியில் சேன்ட் ஃபுவா சிற்றாலயம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் ஊர் முழுதும் உள்ளங்கையில் வைத்ததுபோல் தெரியும். பக்கத்து ஊற்று கண்நோய்க்கு நல்லது என்பது பழைய நம்பிக்கை. லிவிஞாக் வரை அன்றைக்கு 24 கிலோமீட்டர். காலை உணவைத் தவிர்க்காதீர்கள், புறப்படுமுன் ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிரப்புங்கள்.

முதுகுப்பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஊர்விட்டு ஊர் பை கொண்டு சேர்க்கும் வண்டிச் சேவைகள் உண்டு. பொதுவாக 12, 13 கிலோவுக்கு மேல் ஏற்கமாட்டார்கள். மடத்திலேயே யாத்திரிகர் விடுதி இருக்கிறது. நடந்து வருபவர்களுக்கு முன்னுரிமை. மே, செப்டம்பர் மாதங்களில் படுக்கை கிடைப்பது ஆகஸ்டைவிடக் கடினம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நடப்பவர்கள் வெயிலைத் தவிர்த்து அந்த மாதங்களில்தான் வருகிறார்கள்.

முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்து வரலாமா?

வரலாம். மேல் நிறுத்தத்தில் இறங்கினால் கோவில் வரை இறக்கம்; திரும்பும்போது அதே சரிவில் ஏற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் உருளைக்கல் தெருக்கள் கடினம். குழந்தையைத் துணியில் கட்டித் தூக்குவது நல்லது. தட்டையான அடியுள்ள செருப்பு வழுக்கும்.

எந்த மாதம் போகலாம்?

மே பின்பாதி, ஜூன், செப்டம்பர். அக்டோபர் 6 புனிதையின் திருநாள். அதையடுத்த ஞாயிறு சுற்றுப்பிரகாரம், அதாவது ஊர்வலம். அந்த வாரம் அறை கிடைப்பது அரிது. இலையுதிர் காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி தங்கும். பத்து, பதினொன்று மணிக்குத்தான் விலகும், ஆகவே சோம்பலாக எழுந்தாலும் நட்டமில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை பல விடுதிகளும் உணவகங்களும் மூடியிருக்கும்.

சாப்பாடு? சைவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். 'வெஜிடேரியன்' என்றால் மீன் வரலாம்; 'சான் வியாந்த், சான் புவாசோன்' (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று சொல்லுங்கள். சாலடில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் தூவுவது வழக்கம். 'ஃபார்சூ' என்ற கீரை அடையை, ப்ளெத் (பீட்ரூட் வகைக் கீரை), பார்ஸ்லி, வெங்காயம், முட்டை, மாவு சேர்த்துச் சுடுவார்கள். சில வீடுகளில் இறைச்சியும் கலப்பார்கள்.

ஒப்ராக் மேட்டுநிலத்தின் 'அலிகோ' எல்லோருக்கும் பிடிக்கும். ஒரு கிலோ உருளைக்கிழங்கு மசியலுக்கு 400 கிராம் புதுப் பாலாடைக்கட்டி, 200 கிராம் கிரீம், ஒரு பல் பூண்டு. மெல்லிய தீயில் மரக்கரண்டியால் ஒரே திசையில் தூக்கித் தூக்கிக் கிண்டினால் நூலாக நீளும். தீ கூடினால் கொழுப்பு பிரிந்துவிடும். ஆறினால் கட்டி தட்டும். அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டிய பண்டம். கண்டிப்பான சைவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தக் கட்டியை உறையவைக்கக் கன்றின் இரைப்பை நொதியைச் சேர்ப்பார்கள்.

கருவாட்டுப் பிரியர்களுக்கு 'எஸ்தோஃபினாதோ'. கடலே இல்லாத இந்த ஊர்ப்பக்கம் நார்வேயின் உப்பில்லாக் காட் கருவாடு எப்படி வந்தது? லொட் ஆற்றில் போர்தோ வரை சரக்கு ஓட்டிய படகோட்டிகள் திரும்பும்போது கொண்டுவந்தார்கள். கட்டைபோல் இருக்கும் கருவாட்டை நாள்தோறும் தண்ணீர் மாற்றி ஏறக்குறைய ஒரு வாரம் ஊறவைத்து, வேகவைத்து உதிர்த்து, உருளைக்கிழங்கு, முட்டை, பூண்டோடு மசித்து, சூடான வால்நட் எண்ணெயை மேலே ஊற்றுவார்கள். எண்ணெய் சரியாகக் காயாவிட்டால் வாடை மட்டுமே மிஞ்சும். குளிர்கால உணவு, தெகாஸ்வில் பக்கம் தேடுங்கள்.

உணவகங்களில் சாப்பாட்டு நேரம் மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7 முதல் 9 வரை. மூன்று மணிக்குப் பசித்தால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். நிறையச் சாமான் வாங்க சேன் சிப்ரியேன் போக வேண்டும்.

சுற்றுவட்டாரத்தில் எங்கெல்லாம் போகலாம்?

ஊரின் முழுத் தோற்றத்துக்கு எதிர்மலையில் உள்ள பாங்கரெல் மேடு. கோவிலைப் பக்கத்தில் பார்த்தவர்கள்கூட, இது எப்படிப்பட்ட சரிவில் நிற்கிறது என்பதை அங்கே போய்த்தான் உணர்கிறார்கள்.

காரில் அரை நாள் இருந்தால் மார்சியாக் பள்ளத்தாக்கு: இரும்புச்சத்தால் சிவந்த மண், படிக்கட்டுத் திராட்சைத் தோட்டங்கள். மான்சுவா என்ற உள்ளூர்த் திராட்சையிலிருந்து வரும் சிவப்பு ஒயினுக்கு 1990 முதல் தனிப் பெயருரிமை உண்டு. லொட் ஆற்றோரம் எஸ்தேன்: கோட்டை, பழைய பாலம். பொசூலில் ஆறு குதிரைலாட வடிவில் குடைந்த பெரும்பள்ளத்தின் விளிம்பில் வீடுகள். ரொதேஸில் 2014இல் திறந்த சூலாஜ் அருங்காட்சியகத்தில் கோங்க் சன்னல்களுக்காக அவர் செய்த முழு அளவு வரைபடங்கள் இருக்கின்றன. கோங்கைப் பார்த்த பிறகு அங்கே போவதுதான் சரியான வரிசை. ஃபிஜாக்கில் எகிப்தியச் சித்திர எழுத்தை வாசித்த ஷாம்போலியோன் பிறந்த வீடு.

கோவிலுக்குள் படம் எடுக்கலாமா? உடைக்கு விதி உண்டா?

இது வழிபாடு நடக்கும் இடம். 1873 முதல் பிரெமோந்த்ரே சபைத் துறவிகள் இருக்கிறார்கள். பூசை, செபம் நடக்கும்போது சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. மற்ற நேரங்களில் மின்னொளி இல்லாமல் எடுக்கலாம். தோள் மூடிய உடை போதும். தடித்த சுவர்களுக்குள் ஜூலையிலும் குளிரும், மேல்மாடத்துக்கு ஏறும் இரவுகளில் ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.